துடைப்பத்துக்குச் சிலை வைக்கும் முன் ஒரு திருத்தம்

வைட் பாப்லர், மனிடோபா, கனடா
ஜூன் மாதம், திங்கட்கிழமை காலை

"வைட் பாப்லர் வாரச்செய்தி"யின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய திருமதி வெர்னா அர்னசன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் பத்திரிகையின் முப்பத்தொரு வருடச் சந்தாதாரனும், நம் ஊர் கர்லிங் கிளப்பின் ஐஸ் கமிட்டித் தலைவனும், தானியக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய நெஸ்டர் மெல்னிக் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி ஐரீனும் சுகம். தாங்கள் எதிர்வீடு என்பதால் தங்கள் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டிய தேவை இல்லை; காலையில் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைத்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், இடுப்புவலி குறைந்த மாதிரித்தான் தெரிந்தது. தெருவைத் தாண்டி வந்து நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று தடவை வந்தேன். முதல் தடவை தங்கள் புல்வெளி பச்சைப்பசேல் என்று இருப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை ஏணி இரவல் கேட்டேன். மூன்றாம் தடவை அந்த ஏணியைத் திருப்பிக் கொடுத்தேன். என் வீட்டில் இரண்டு ஏணி இருப்பது தங்களுக்கும் தெரியும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சென்ற புதன்கிழமை இதழின் நடுப்பக்கம் இரண்டிலும், நாட்டின் நாடாளுமன்றத்திலேயே வயதில் சின்னவளான எங்கள் மகள் டாரியாவின் "இளமையும் அரசியல் எழுச்சியும்" என்று கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். உண்மைதான் கொஞ்சம் குறைவு. அது தங்கள் குற்றம் இல்லை, விவரம் கொடுத்தவன் நான். நாலு வயதிலேயே வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்று ஊராருக்கு உரையாற்றினாள் என்று இருக்கிறது. ஏறினவளுக்கு இறங்கத் தெரியவில்லை, அழுத அழுகையில் ஊரார் கூடிவிட்டார்கள், அவ்வளவுதான். ஒன்பது வயதில் பள்ளிப் பேருந்தின் தடத்தை மாற்றச் சொல்லி அதிகாரிகளுக்கு மனு எழுதினாள் என்றிருப்பது, அவள் தூங்கிப்போய்ப் பேருந்தைக் கோட்டைவிட்டதற்கு நான் ஆசிரியைக்கு எழுதிக் கொடுத்த மன்னிப்புச் சீட்டு. இதெல்லாம் பெற்றவன் எவனும் அளப்பதுதான், இதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. நான் தலைகுனிவது கட்டுரையின் தலைப்புக்கு. "கையைத் தூக்கிய பெண்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அதற்கு.

அன்றைக்குக் கையைத் தூக்கியது டாரியா இல்லை. கெல்சி ஃப்ரீசன்.

எழுதிவிட்டேன். எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே எழுதுகிறேன்.

எட்டு வருடம் முன்பு, பள்ளிப் பெண்களுக்கான வட்டார இறுதி ஆட்டம், நம் கிளப்பில்தான். தங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனால் வினிபெக்கில் இருந்தும் நம் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: கர்லிங்கில் கல் பனித்தரையில் வழுக்கிக்கொண்டு போகும், அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள், ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால் பட்டவரே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லாமல் மழுப்பினவன் நம் ஊரில் அதற்கப்புறம் தனியாக உட்கார்ந்துதான் காப்பி குடிக்க வேண்டும். அன்றைக்குக் கடைசிக் கல்லுக்கு முன்னால் ஓடியது டாரியாவும் கெல்சியும். கல் பாதி தூரம் போயிருக்கும், ஒரு கை மேலே போயிற்று, கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்கள், ஆட்டம் போயிற்று. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டை, ஒரே குல்லா, தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு எந்தக் கை என்று நிச்சயம் இல்லை. இதை எல்லாம் நான் பிறர் சொல்லித்தான் அறிவேன். ஏனென்றால், வெர்னா அம்மா, அந்த நேரத்தில் நான் ஆட்டம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் என் நாற்காலியில் இல்லை. கான்டீனில் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பெரோகிக் கொழுக்கட்டை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, வரிசையில் போய் நின்றுவிட்டேன். பெற்ற மகளின் இறுதி ஆட்டத்தின் கடைசிக் கல்லை ஏழு பெரோகிக்காகவும் ஒரு கரண்டி வதக்கின வெங்காயத்துக்காகவும் விட்டவன் நான். தட்டோடு திரும்பி வரும்போது ரெண்டு அணியும் கைகுலுக்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தாங்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்க வந்து, "நெஸ்டர், நான் காரில் பேட்டரி எடுக்கப் போயிட்டேன், கையத் தூக்கினது எந்தப் பொண்ணு?" என்று கேட்டீர்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் எங்கே போயிருந்தாய் என்று கேட்பீர்கள். தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "வேற யாரு, நம்ம டாரியாதான்" என்றேன்.

அந்தப் புதன்கிழமை படத்தோடு வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், நான் முதுகில் வெந்நீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு ஐஸ் மேல் பூத்தூவலாகத் தெளித்துக்கொண்டு பின்னால் நடந்து வருகிறேன், டாரியா பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓரத்தில் வந்து நின்றாள். பதினாறு வயது. "அப்பா, கையத் தூக்குனது கெல்சி. நீ வெர்னா ஆன்ட்டிகிட்ட சொல்லிடு" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது, அப்போதும் தெரிந்ததுதான். "அடுத்த வாரம் சொல்லிடறேன். இதுல என்ன இருக்கு, தோத்த ஆட்டம்தானே" என்றேன். அவள் போகாமல் அங்கேயே நின்றாள். இன்னும் ஏதோ இருக்கிற மாதிரி நின்றாள். தண்ணீர் ஆறிவிட்டால் தெளிக்க முடியாது, போய்ப் படி என்று நான்தான் அனுப்பிவைத்தேன். உண்மையைச் சொல்ல வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பின ஐஸ் கமிட்டித் தலைவன் இந்த மனிடோபாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அடுத்த வாரம் சொல்லியிருப்பேன். அதற்குள் பள்ளித் தலைமை ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் ஜிம்மில் உட்காரவைத்து அவளுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். அதற்கடுத்த வாரம் சொல்லியிருப்பேன், அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் பிரசங்கத்துக்கு அதையே எடுத்துக்கொண்டார், பாதிரியார் சொன்னது பொய் என்று நான் எப்படிச் சொல்வது? வசந்தத்தில் சேவை சங்கத்துக்காரர்கள் "நேர்மைக்கான உதவித்தொகை" என்று ஒன்றைப் புதிதாகவே உண்டாக்கி அவளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். கல்லூரி விடுமுறையில் நம் பழைய எம்.பி.யின் அலுவலகத்தில் வேலைக்குக் கேட்டாள், அவர் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "கையத் தூக்குன பொண்ணா நீ, நாளைக்கே வா" என்று எடுத்துக்கொண்டார். மூணு கோடைகாலம் அங்கே தொலைபேசி எடுத்தாள். அந்த மனுஷனுக்கு முழங்கால் போய் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னபோது, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நம் சமூகக் கூடத்தில் கட்சிக்காரர்கள் கூடினார்கள், தாங்களும் வந்திருந்தீர்கள். எதிராக நின்றவர் டிராக்டர் விற்பவர், வந்தவர்களுக்கெல்லாம் ஹாட் டாக் கொடுத்தார். டாரியா சாலையில் இருக்கிற குழிகளைப் பற்றிப் பேசினாள், பாதிப் பேர் ஹாட் டாக் பக்கம்தான் இருந்தார்கள். அப்போது பழைய எம்.பி. ஊன்றுகோலோடு எழுந்து நின்று அந்தக் கர்லிங் கதையை ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது ஐரீனின் தேவாலயச் சமையல் கூட்டாளிகள் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் ஷூவைப் பார்த்தேன். எதேச்சையாக மேடைப் பக்கம் பார்த்தால் டாரியாவும் அவள் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்தல் நேரத்தில் வண்டியில் சம்மட்டியைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பெயர்ப் பலகை நட்டது நான். பலகையில் அவள் பெயருக்குக் கீழே ஒரு துடைப்பம் படம். கதவைத் தட்டினால் ஒவ்வொரு வீட்டிலும் எனக்கே அந்தக் கதையைச் சொன்னார்கள். ஒரு வீட்டில் அது மாகாணப் போட்டி, அடுத்த வீட்டில் நாட்டுப் போட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனபோது ஸ்வீடன்காரிகளுக்கு எதிராக ஆடினாளாம். ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் நேர்ல பாத்தேன்யா, என் கண்ணால பாத்தேன், அப்படியே எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது" என்றார். அவர் இருபது வருடமாகக் குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் இருப்பவர். அவருக்கு நானே சாட்சி சொல்கிற மாதிரித் தலையாட்டிவிட்டு, பலகையை இரண்டு அடி அதிகமாகவே தரையில் இறக்கிவிட்டு வந்தேன்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும், இதையாவது நம்புங்கள். டாரியா தன் வாயால் ஒரு தடவைகூட அந்தக் கதையைச் சொன்னது இல்லை. யாராவது ஆரம்பித்தால் "அத விடுங்க" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அதைப் பார்த்து, பார் எவ்வளவு அடக்கம் என்று இன்னும் நாலு பேர் ஓட்டுப் போட்டார்கள். தலைநகர் ஒட்டாவா போன பிறகு அவள் செய்தது எத்தனையோ இருக்கிறது. வருகிற கடிதத்துக்கெல்லாம் தானே உட்கார்ந்து பதில் எழுதுகிறாள். கணவர் போன பிறகு ஓய்வூதியம் நின்றுபோன அந்தப் போலந்துக்கார அம்மாவுக்காக மூணு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டிப்போய், அலுவலகத்துக்காரன் பேனாவைத் திறக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். நம் ஊர் வழியாகப் பேருந்து மறுபடி நிற்கிறதென்றால் அது அவள் பிடிவாதம். இதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை. தாங்கள் பேட்டி கேட்டபோது எனக்கு இது எதுவும் வாயில் வரவில்லை, வைக்கோல் கட்டுதான் வந்தது.

இத்தனை வருடம் பொறுத்தவன் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், சிலை. பக்கத்து ஊர்க்காரன் நெடுஞ்சாலை ஓரத்தில் இருபது அடிக் காளான் சிலையை நட்டுவைத்துப் போகிறவன் வருகிறவனை எல்லாம் படம் எடுக்கவைக்கிறான் என்று நம் ஊராட்சிக்கு வயிற்றெரிச்சல். முப்பது அடியில் ஒரு இரும்புத் துடைப்பம், அதன் அடியில் ஒரு பலகை, வருகிற சனிக்கிழமை திறப்பு, டாரியா ஒட்டாவாவில் இருந்து வருகிறாள், தகப்பன் நாலு வார்த்தை பேசுவார் என்று நிகழ்ச்சி நிரலிலும் அச்சடித்தாகிவிட்டது. அந்தத் துடைப்பத்தைச் செய்கிற வெல்டிங் பட்டறை யாருடையது? கெல்சியுடையது. ஊராட்சியில் ஒருத்தருக்கும் இதில் ஒன்றும் தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்ற நியாயமும் இல்லை.

போன வியாழக்கிழமை பலகையின் வாசகத்தைச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். கெல்சி முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு வந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாமா, 'இந்த ஊர்ப் பெண் டாரியா மெல்னிக் கையைத் தூக்கினாள்'னு போடச் சொல்லியிருக்காங்க. ஒருக்கா பாத்துச் சொல்லிடுங்க, வெட்டிட்டா அப்புறம் மாத்த முடியாது. நீங்கதானே அன்னிக்கு நேர்ல பாத்தவரு" என்றாள். அவள் உதட்டில் சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். பிளக்கவில்லை. "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து ஐரீனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மாவை உருட்டுவதை நிறுத்தவே இல்லை. "எட்டு வருஷமா அந்தப் பொண்ணு எதிர்ல வந்தா மட்டும் வண்டிய விரட்டுறியே, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நெனச்சே? ஊர்ல எவன் தப்பு பண்ணாலும் இந்த வீட்ல உக்காந்து நியாயம் பேசுவே. கழுத்து வலிக்கலையா உனக்கு, இப்படி நிமிர்ந்துக்கிட்டே திரிய?" என்றாள்.

நாளைக்கே வேறு யார் வாயாலாவது இது வெளியே வந்தால் என் மகளின் கதி என்ன என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யை ஏணியாக்கி மேலே போனவள் என்பார்கள். அவள் செய்த நல்லது அத்தனையும் அந்த இரும்புத் துடைப்பத்தோடு கூட்டித் தள்ளப்படும். சிலை நட்ட பிறகு வந்தால் அவள் பொய்க்காரி. நடுவதற்கு முன்னால் நான் சொன்னால் பொய்க்காரன் நான் ஒருத்தன் மட்டும். ஆகவே வருகிற புதன்கிழமை இதழின் முதல் பக்கத்திலேயே இந்தத் திருத்தத்தைப் போடும்படிக் கேட்டுக்கொள்கிறேன்: "எட்டு வருடம் முன்பு நடந்த ஆட்டத்தில் தன் தவறைத் தானே ஒத்துக்கொண்டு கையைத் தூக்கியவர் செல்வி கெல்சி ஃப்ரீசன். இதைத் திரித்துச் சொன்னவர் நெஸ்டர் மெல்னிக். அப்போது அவர் பெரோகி வரிசையில் நின்றிருந்தார். அவருடைய மகள் அன்றே உண்மையைச் சொல்லச் சொன்னார், இவர் கேட்கவில்லை." பெரோகியை எடுத்துவிட வேண்டாம். அதை எடுத்தால் வாசிப்பவர்கள் நான் ஏதோ பெரிய காரணத்துக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடுவார்கள். ஐஸ் கமிட்டித் தலைவர் பதவியையும் இதோடு ராஜினாமா செய்கிறேன், ஆனால் புது ஆள் கிடைக்கும் வரை குளிரூட்டும் இயந்திரத்தை வேறு யாரும் தொட வேண்டாம், அதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது.

தங்கள் இடுப்பு பூரண குணமடையவும், தங்கள் விளம்பரதாரர்கள் பெருகவும், இந்த வருடமாவது கொசுக்கள் தங்கள் பக்கத்து வேலியைத் தாண்டாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். தங்கள் கணவருக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு ஐரீனின் ஆசிகளையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் முன்னால் நிற்க வெட்கப்படும் எதிர்வீட்டுக்காரன்,
நெஸ்டர் மெல்னிக்

பின்குறிப்பு (திங்கட்கிழமை மாலை): இதைத் தங்களிடம் கொடுக்கும் முன் கெல்சியின் பெயரைப் போட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் முறை என்று பட்டறைக்குப் போனேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் கரியாகப் பதிந்திருக்கிற கட்டைவிரல் அடையாளம் அவளுடையது. படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்து, "மாமா, கையத் தூக்குனது நான்தான். ஆனா கல்லுல பட்டது என் துடைப்பம் இல்ல" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. "டாரியாவோடது. பட்டதும் அப்படியே நின்னுட்டா. கண்ணாடிப் பக்கம் திரும்பி உங்களத் தேடினா. உங்க நாற்காலி காலியா இருந்துச்சு. கல்லு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு, யாராவது தூக்கித்தானே ஆகணும், நான் தூக்கிட்டேன்." எட்டு வருடமாக ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ சொல்லிடுவான்னு நெனச்சேன், கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறான்னு. இன்னமும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டாள்.

அங்கேயே வாசலில் நின்று ஒட்டாவாவுக்குப் போன் போட்டேன். கெல்சி சொன்னதை அப்படியே சொன்னேன். "அப்பா, வெர்னா ஆன்ட்டிகிட்ட எதையும் போட வேண்டாம்னு சொல்லு. அத நான்தான் சொல்லணும்" என்றாள். சனிக்கிழமை சொல்வியாம்மா என்று கேட்டேன். நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு மணி அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். மணி எனக்கும் கேட்டது, அதனால் அது பொய் இல்லை.

ஆகவே மேலே எழுதின எதையும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். என் திருத்தத்துக்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது, அதை எழுத எனக்கு உரிமை இல்லை. கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், கிழித்தால் இன்னொரு தடவை எழுதும் துணிச்சல் வராது. தங்கள் இழுப்பறையில் இருக்கட்டும். சனிக்கிழமை காமிராவோடு வாருங்கள். என் மகள் மேடையில் சொல்வாளா என்று ஐரீன் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், தாங்களும் கேட்பீர்கள். பெற்று வளர்த்தவன் நான், எனக்குத் தெரியவில்லை, வெர்னா அம்மா. என் பெயரைப் போட்டு ஏதாவது அச்சடித்தே ஆக வேண்டும் என்றால் அந்த 'எனக்குத் தெரியவில்லை' என்பதை மட்டும் அச்சடியுங்கள்.